நிலவறைக்குள் யமுனை

நிலவறை என்ற சொல்லை நம்மில் பெரும்பாலோர் சரித்திர நாவல்களில்தான் முதலில் சந்தித்திருப்போம். அங்கே சுரங்கப் பாதை இருக்கும். பொற்காசுக் குடம் இருக்கும். தீவர்த்தி பிடித்துக்கொண்டு யாராவது ஒரு வீரன் இறங்குவான். நம் ஊர் வீடுகளோ தெருவைவிட நாலு படி உயர்ந்து நிற்பவை. பூமிக்குள் ஓர் அறை கட்டி அதில் மனிதர்கள் சாமான் வைப்பதை டில்லிக்கு வந்த பிறகே நான் கண்டேன். இங்கே அதற்குத் 'தஹ்கானா' என்று பெயர். கோடைக்கு அஞ்சி அந்நாளில் பெரிய மனிதர்கள் பகற்பொழுதை அங்கே கழித்தார்களாம். இப்போது உடைந்த கட்டிலும் ரஜாய் மூட்டையும் தண்ணீர் மோட்டாரும் கழிக்கின்றன.

சிவில் லைன்ஸில், பேலா ரோட்டுக்குச் சற்றுத் தள்ளி, அத்தகைய வீடு ஒன்றின் மொட்டைமாடி அறையில் நான் குடியிருக்கிறேன். வீட்டுக்கார அம்மாளை எல்லாரும் மாஜி என்போம். கணவர் பள்ளி ஆசிரியராயிருந்து காலமானவர். ஒரே மகன் குருகிராமில் உத்தியோகம்.

2023 ஜூலையில் யமுனை செய்த காரியம் பழைய மாணவர்களுக்கு நினைவிருக்கும். ஹரியானாவிலுள்ள ஹத்னிகுண்ட் தடுப்பணையிலிருந்து மூன்றரை லட்சம் கன அடிக்கு மேல் வெளியேறிய தண்ணீர், 13-ஆம் தேதி மாலை பழைய இரும்புப் பாலத்தருகே 208.66 மீட்டரைத் தொட்டது. அபாய அளவு 205.33. 1978-இல் வந்ததாகக் கிழவர்கள் கதை சொல்லும் பெருவெள்ளமே 207.49தான். வேடிக்கை என்னவென்றால், தெருவெல்லாம் தண்ணீர், குடிக்க ஒரு குடம் இல்லை! வசீராபாத் முதலிய சுத்திகரிப்பு நிலையங்களை வெள்ளம் மூட வைத்துவிட்டது.

மாஜியை மாடல் டவுனிலிருந்த அவர் தங்கை வீட்டில் சேர்த்துவிட்டு நான் ஹாஸ்டல் நண்பன் ஒருவனிடம் தஞ்சம் புகுந்தேன். ஐந்தாறு நாள் கழித்துத் திரும்பினோம். கூடத்தில் கணுக்கால் அளவு சேறு. நிலவறையிலோ மேற்படி வரையில் கறுத்த தண்ணீர். சாக்கடையும் கலந்திருந்ததால் அதன் மணத்தை வருணிக்காமல் விடுகிறேன்.

அந்தத் தண்ணீருக்கடியில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. 1947-இல் மாஜியின் மாமனார் லாகூரிலிருந்து தலைச்சுமையாகக் கொண்டுவந்தது. குடும்பத்தின் புகைப்படங்கள் எல்லாம் அதில்தான். "பெட்டி தெரிகிறதா, பேட்டா?" என்று அந்த அம்மாள் மேற்படியில் நின்று கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது.

மகன் டீசல் பம்பு ஒன்றை வாடகைக்குக் கொண்டுவந்து இறக்கினார். சாயங்காலத்துக்குள் அறையை வற்றவைத்துவிடுவதாக அவர் திட்டம். குறுக்கே வந்தார் மிஸ்திரி. பக்கத்துச் சந்தில் கொத்து வேலை செய்பவர், அறுபது வயதிருக்கும். "வெளியே மண் ஊறிக் கிடக்கிறது, பாபுஜி. அது சுவரை உள்ளே தள்ளுகிறது. உள்ளேயிருக்கும் தண்ணீர்தான் சுவரைத் தாங்கி நிற்கிறது. ஒரேயடியாக எடுத்தால் சுவர் உட்கார்ந்துவிடும்" என்றார். மகன் வாதாடினார். பெட்டியைச் சொன்னார், தாயின் வயதைச் சொன்னார். மிஸ்திரி பதில் பேசாமல் ஒரு செங்கல் துண்டை எடுத்துப் படிச்சுவரில் கோடு கிழித்தார். இன்றைக்கு இவ்வளவுதான் என்று அர்த்தம்!

மூன்றில் ஒரு பங்கு அன்று. மறுநாள் காலையில் தண்ணீர் திரும்பவும் ஏறியிருக்கிறதா என்று கோட்டைப் பார்த்துவிட்டு அடுத்த பங்கு. பம்பு முற்றத்தில்தான் ஓடியது, குழாய் மட்டும் உள்ளே போயிற்று. டீசல் புகை நிலவறையில் தங்கினால் ஆளையே கொன்றுவிடுமல்லவா? மின்சாரத்தைக் கம்பத்திலேயே துண்டிக்கச் செய்த பிறகுதான் எவரையும் படியில் இறங்க விட்டார். இவ்வளவு ஜாக்கிரதையையும் அந்த மனிதர் எந்தக் கல்லூரியில் படித்தாரோ!

இரண்டாம் நாள் பெட்டியின் மூடி தெரிந்தது. மகன் வேட்டியை மடித்துக் கட்டுவதுபோல் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். மாஜி அவர் கையைப் பற்றிக்கொண்டார். "படத்துக்காக நீ இறங்க வேண்டாம்" என்ற அந்தக் குரலுக்கு எதிர்ப்பேச்சு இல்லை.

நூலகவியல் படிக்கும் நம் சங்கத்து நண்பர் ஒருவர் ஆறுதல் சொன்னார். நீருக்குள் இருக்கும்வரை காகிதத்தில் பூஞ்சை பிடிக்காது, வெளியே எடுத்த பின் இரண்டு நாளைக்குள் கவனிக்க வேண்டும் என்றார். ஆனால் படத்தின் மேற்பூச்சு ஊற ஊறக் கரையும் என்பதையும் என்னிடம் மட்டும் சொன்னார். 1966 நவம்பரில் இத்தாலியிலே ஆர்னோ நதி பொங்கி ஃப்ளாரன்ஸ் தேசிய நூலகத்தின் கீழ்த்தளங்கள் மூழ்கியபோது, பல தேசத்து மாணவர்கள் வரிசையாக நின்று கைமாற்றிப் புத்தகங்களை மீட்டார்களாம். 'சேற்றுத் தேவதைகள்' என்று அவர்களுக்குப் பெயர். மூன்றாம் நாள் தண்ணீர் வற்றியதும் நாங்கள் ஐவர் அப்படித்தான் சட்டி மாற்றினோம். தேவதை என்று ஒருவரும் சொல்லவில்லை.

சேறு ஈரமாயிருக்கும்போதே அள்ளிவிட வேண்டும். காய்ந்தால் கடப்பாறை தேவைப்படும். சுவரை மேலிருந்து கீழாகக் கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தெளித்தோம். அதன்மேல் கழிவறை ஆசிட்டையும் ஊற்றலாமென்று ஒருவன் புட்டியைத் திறந்தான். நல்ல வேளை, வேதியியல் மாணவி ஒருத்தி கூட இருந்தாள். குளோரின் வாயு கிளம்பும் என்று அவள் போட்ட கூச்சல் தெருவுக்கே கேட்டிருக்கும்.

பெட்டியைத் திறந்தோம். விலைக்கு வாங்கிய கேன் தண்ணீரில் படங்களை ஒவ்வொன்றாய் மிதக்கவிட்டுப் பிரித்து, நிழலில் முகம் மேலாகப் பரப்பினோம். நூற்றுக்கு மேற்பட்டவற்றில் பாதி தேறின. தேறியவற்றில் முக்கால்வாசி மாஜியின் கணவர் பள்ளியில் எடுத்த வகுப்புப் படங்கள். கலியாணப் படம் பழுப்புத் திட்டாகிவிட்டது. மாஜி அதை வெகுநேரம் கையில் வைத்திருந்தார். பிறகு, "பெயர் தெரியாத பையன்கள் எல்லாம் பத்திரமாக இருக்கிறார்கள்" என்று சொல்லி, அந்தப் பையன்களைத் துணியால் ஒற்றத் தொடங்கினார்.

நிற்க. சுவர் சமாசாரம் இதோடு முடியவில்லை. தண்ணீர்க் கறைக்கு மேலே ஓர் அடி வரை பூச்சைக் கொத்தியெடுத்துச் செங்கல்லை வெளியே காட்டிவிட்டார் மிஸ்திரி. தீபாவளிக்குள் வர்ணம் பூச மகன் ஆசைப்பட்டார். நவம்பரில் செங்கல்மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. "சுவர் இன்னும் வியர்க்கிறது" என்று மறுத்து, துடைப்பத்தால் உப்பைத் தட்டிவிட்டுப் போனார். மறு ஏப்ரலில்தான் பூச்சு. அதன்மேல் சுண்ணாம்பு மட்டும். எண்ணெய் வர்ணம் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடுமாம்.

அறை பளிச்சென்று ஆனதும் அதை மாணவர்களுக்குப் படிப்பறையாக வாடகைக்கு விடலாமென்று மகன் சொன்னார். நல்ல வருமானம்தான். அந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே, 2024 ஜூலை 27 அன்று, பழைய ராஜேந்திர நகரில் நிலவறை நூலகம் ஒன்றுக்குள் மழைவெள்ளம் புகுந்து, ஐ. ஏ. எஸ். தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த மூவர் மாண்டனர். நம்மைப் போன்ற பிள்ளைகள். இந்த வீட்டில் அந்தப் பேச்சை மறுபடி யாரும் எடுக்கவில்லை.

2025 செப்டம்பரில் யமுனை மீண்டும் 207 மீட்டரைத் தாண்டியபோது நிலவறையில் உடைந்த கட்டில் இரண்டுதான் இருந்தன. மோட்டார் மாடிப்படிக்கு ஏறிவிட்டது. தகரப் பெட்டி என் அறையில், ஜன்னலருகே. வெள்ளம் வடிந்த மறுநாள் காலை, எவரும் கூப்பிடாமலே, கையில் ஒரு செங்கல் துண்டோடு மிஸ்திரி வாசலில் வந்து நின்றார்.