கொதிநீரில் தோலும் சதையும்

ஆம்பூரில் ஒரு டேனரி. டிரம்மிலிருந்து இறக்கிய தோல் நீலம் பாரித்து, ஈரம் சொட்ட அடுக்கியிருந்தது. வெட் புளூ என்பார்கள். மேஸ்திரி கழுத்துப் பக்கம் ஒரு துண்டு வெட்டி, தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்துவிட்டுக் கொதிக்கும் தண்ணீரில் போட்டார். "சுருங்கிச்சுன்னா குரோம் உள்ள எறங்கலை சார். திரும்ப டிரம்முக்குத்தான்." சில நிமிடம் கழித்து எடுத்துக் கோட்டின்மேல் வைத்தார். இம்மியும் குறையவில்லை. பச்சைத் தோல் 65 டிகிரி வாக்கிலேயே சுருண்டுவிடும். குரோமியம் கொலாஜன் இழைகளைப் பிணைத்துவிடுவதால் இது கொதிநீரையும் தாங்குகிறது.

இதற்கு உறவான இன்னொரு பிணைப்பை அவிழ்க்கப் பாடுபடுகிறவர்களை வேலூரில் ஒரு நோயியல் ஆய்வகத்தில் பார்த்தேன். பெருங்குடல் புற்றுக்கட்டிகளில், டி.என்.ஏ.வைப் பழுதுபார்க்கும் புரதங்கள் இருக்கின்றனவா என்று ஆன்டிபாடி கொண்டு தேடுகிறார்கள். செல் பிரியும்போது டி.என்.ஏ. நகலில் விழும் பிழைகளைத் திருத்தும் எம்.எல்.எச்.1, பி.எம்.எஸ்.2, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6 என்ற நான்கு. இந்தத் திருத்தம் நடக்கும் விதத்தை விளக்கியதற்காகவே பால் மாட்ரிச் 2015இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். இவற்றுக்கான மரபணுக்களில் ஒன்று பிறவியிலேயே பழுதாயிருந்தால் அது லிஞ்ச் நோய்க்கூறு. பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆகவே ஒரு ஸ்லைடின் முடிவு ஒரு குடும்பத்தையே மருத்துவரிடம் கூட்டிவரும்.

கட்டி ஃபார்மலினில் ஊறி வருகிறது. ஃபார்மலினும் புரதங்களைப் பிணைத்து அழுகாமல் காக்கும் பொருள்தான்; தோல் பதனிடவும் அது பயன்பட்டிருக்கிறது. ஆனால் அந்தப் பிணைப்புக்குள் ஆன்டிபாடி பற்ற வேண்டிய இடம் மறைந்துபோகிறது. சூடாக்கினால் அது வெளிப்படும் என்று ஷான்-ரோங் ஷி குழுவினர் 1991இல் காட்டினார்கள். இங்கே அதற்குப் பிரஷர் குக்கர்.

கட்டியைப் பொதித்த மெழுகுப் பிளாக்கை மைக்ரோடோமில் மூன்று நான்கு மைக்ரான் கனத்துக்குச் சீவி, வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் விழாமல் ஸ்லைடில் ஏந்துகிறார் டெக்னீஷியன் அம்மா. ஊதினால் பறந்துவிடும் படலம் அது. குக்கர், ஆன்டிபாடி, சாயம் எல்லாம் முடிந்ததும் மைக்ராஸ்கோப்பைக் காட்டினார். புரதம் உள்ள செல்லின் கரு பழுப்பு, இல்லாதது நீலம்.

"கட்டி நீலமா இருந்தா மட்டும் போதாது சார். பக்கத்துல இருக்கிற லிம்போசைட் பழுப்பா இருக்கணும். அதுவும் நீலம்னா நம்ம சாயம் ஏறலைன்னு அர்த்தம்."

ஒரு ஸ்லைடில் எல்லாமே நீலம். அதைத் தயங்காமல் ஒதுக்கிவைத்து, மறுபடி சீவப் பிளாக்கை எடுத்தார். அறுவை முடிந்து ஃபார்மலினில் போடத் தாமதமானால் இப்படி ஆவதுண்டாம். இந்த ஒதுக்கலைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். இல்லை என்று சொல்வதற்கு எத்தனை கை சரியாக வேலை செய்திருக்க வேண்டும்!

குரோமியத்துக்கும் இந்தச் சோதனைக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. 2005இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், குரோமேட் தொழிலாளர்களின் நுரையீரல் புற்றுக்கட்டிகளை இப்படிச் சாயமேற்றி, பலவற்றில் எம்.எல்.எச்.1 குறைந்திருந்ததைக் கண்டார்கள். அந்தத் தொழிலாளர்கள் கையாண்டது ஆறு இணைதிறன் குரோமியம். ஆம்பூர் டிரம்மில் சுழலும் மூன்று இணைதிறன் குரோமியம் அல்ல. இரண்டையும் குழப்பக் கூடாது. ஆனால் ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவு, லட்சம் டன்னுக்கு மேல், ஆறு இணைதிறன் குரோமியத்தோடு இந்த வட்டாரத்தில்தான் குவிந்திருந்தது. அங்கே உழைத்தவர்களின் கட்டிகளை யாராவது இப்படிப் பார்க்க வேண்டாமா?

கட்டியோடு வரும் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பெயர், வயது, பாலினம், அறுத்த இடம். நோயாளியின் தொழிலைக் கேட்க அதில் ஒரு வரி சேர்த்தாலே போதும், அந்த வேலையைத் தொடங்கிவிடலாம்.