மாடிக் கம்ப்யூட்டர்

என் மனைவியின் படங்களெல்லாம் மாடிக் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. அடுத்த வாரம் அவளுடைய திதி. ஒரு படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போடவேண்டும். முழங்கால் வலியோடு அடிக்கடி படியேற முடிவதில்லை. கீழேயிருந்தே பார்க்கலாமென்றால், மகன் போன விடுமுறையில் வந்தபோது ரூட்டரில் வீட்டை இரண்டு நெட்வொர்க்காகப் பிரித்துவிட்டான். கீழே 192.168.10, மாடியில் 192.168.20.

நெட்வொர்க் பட்டியலில் மாடிக் கம்ப்யூட்டரின் பெயரே வரவில்லை. அது பரவாயில்லை, அந்தப் பட்டியல் தன் சப்நெட்டைத் தாண்டித் தேடாது. ஐபி எண்ணை நேராக அடித்தேன். பதில் இல்லை. பிங்கும் போகவில்லை. ரூட்டர்மேல் பழிபோட்டு இரண்டு நாள் வீணாயிற்று. மகனுக்கும் போனில் நாலு வார்த்தை விழுந்தது, பாவம்.

மூன்றாம் நாள், மகள் வீட்டுப் பேரனைக் கீழே உட்காரவைத்துவிட்டு, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மாடியேறினேன். அங்கே ஃபயர்வாலை ஒரு நிமிடம் அணைத்தேன்.

"தாத்தா, திறக்குது!"

ஆக, ரூட்டர் யோக்கியம். ஃபயர்வாலை உடனே திரும்பப் போட்டேன். 445-ஆம் போர்ட்டுக்கான உள்வரும் விதியைத் திறந்தால், யாரை அனுமதிப்பது என்ற இடத்தில் 'சூ-ரெசோ லோக்கால்' என்றிருந்தது. (பள்ளிப் பழக்கம், என் விண்டோஸ் பிரெஞ்சில்தான் பேசும்.) உள்ளூர் சப்நெட் மட்டும் என்று பொருள். 'இவ்வலுவலகத்துக்கு மட்டும்' என்று நானே எத்தனை சுற்றறிக்கை தட்டச்சு செய்திருப்பேன்! எல்லோருக்கும் திறந்துவிடாமல், 192.168.10.0/24 என்று கீழ்வீட்டை மட்டும் சேர்த்தேன்.

பிங் இன்னும் போகவில்லை. அதற்குத் தனி விதி. படங்கள் வருகின்றன, போதும்.