சுருளிப்பட்டியில் பிளேட்டோ

பிளேட்டோவை நான் சுருளிப்பட்டியில் சந்தித்தேன். தலையில் துண்டு, கையில் கவாத்துக் கத்தரி, வயது எழுபத்தைந்து இருக்கும். சுருளி அருவிக்குப் போன இடத்தில் பழக்கமான திராட்சை விவசாயி. திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்தார்.

சுவரில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் மீசை வைத்த ஒரு வெள்ளைக்காரர். கர்னல் பென்னிகுவிக். 1895-ல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்த பொறியாளர். கம்பம் பள்ளத்தாக்குக்கு நீங்கள் புதுசு என்றால்தான் இது ஆச்சரியம். இங்கே பிள்ளைகளுக்கு அவர் பெயர் வைக்கிறார்கள். பாலார்பட்டியில் அவருக்காகப் பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்ப்பில் 2013-ல் அரசாங்கமே மணிமண்டபம் திறந்தது.

“அவரு ராசா, தம்பி” என்றார் பெரியவர்.

“இன்ஜினீயர்தானேய்யா?”

“தண்ணிய நிறுத்துனவன் எவனோ அவந்தான் ராசா.”

கிட்டத்தட்ட இதைத்தான் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குச் சொன்னார். பள்ளமான இடங்களில் நீரைத் தேக்கு, உன் பெயர் நிற்கும் என்று. புறநானூற்றில் 18-வது பாட்டு. பெரியவர் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி.

“காசில்லன்னு கவர்மெண்டு கைய விரிச்சிருச்சு. சீமையில இருந்த சொத்த வித்துல்ல கட்டுனாரு!”

நான் பி.காம். சொந்தக் காசு போட்டார் என்றால் வவுச்சர் எங்கே என்று கேட்கிற ரகம். சொத்தை விற்றதற்கு உறுதியான ஆவணம் இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. மெதுவாக அதை எடுத்துவிட்டேன். பெரியவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

அப்போதுதான் உறைத்தது. அவர் சொன்னது கணக்கு அல்ல. ஆள்பவனுக்கு அவர் வைத்திருக்கிற தகுதி. நாட்டைக் காப்பவர்களுக்குச் சொந்தச் சொத்து கூடாது, தங்கம் வெள்ளியைத் தொடவே கூடாது என்று 2,400 வருடங்களுக்கு முன்பே ‘குடியரசு’ நூலில் எழுதினாரே பிளேட்டோ, அதே தகுதி.

எனக்கு இதில் ஒரு மனக்குறையும் உண்டு. அணை வேலையில் காய்ச்சலிலும் காலராவிலும் செத்துப்போன கூலிகளுக்கு எந்தச் சுவரிலும் படம் இல்லை. தியாகத்துக்கு நமக்கு எப்போதும் ஒரே ஒரு முகம் போதும்.

“அப்போ தண்ணி அவரு போட்ட பிச்சையா?” என்று சீண்டினேன்.

பெரியவருக்குச் சுர்ரென்று வந்துவிட்டது. 2011 டிசம்பரில் அணைப் பிரச்னை வெடித்தபோது குமுளியை நோக்கித் திரண்டதே பெருங்கூட்டம், அதில் நடந்தவர் அவர். 142 அடி வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014 மே 7-ம் தேதி சொன்னதை, பேத்தி பிறந்த நாளைப் போல ஞாபகம் வைத்திருக்கிறார்.

“என்ன பிச்சை? அவரு குடுத்தாரு. குடுத்தப்பறம் அது எங்களுது. கேக்குறதுக்கு எவன்கிட்டயும் கையேந்தணுமா?”

கொடையையும் உரிமையையும் பேராசிரியர்கள் தனித்தனி வகுப்பாக எடுப்பார்கள். இங்கே இரண்டும் ஒரே வாய்க்காலில் ஓடுகிறது.

கிளம்பும்போது, போன தேர்தலில் யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்டேன். சொன்னார். மூன்று மாடி வீடும் நாலு காரும் வைத்திருக்கிற ஆள்.

“சொத்த வித்தவன்தான் ராசான்னீங்க?”

கத்தரியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“அது ராசாவுக்கு, தம்பி. இது ஓட்டு” என்றபடி பந்தலுக்குள் குனிந்து போய்விட்டார்.