பிடில் யாருடையது?

என் பெண்ணுக்கு வயது பதினாறு. ஆறு வயது முதல் சம்மணமிட்டு, பிடிலின் தலையைக் காலில் ஊன்றிக் கீர்த்தனங்கள் பயின்றவள், இப்போது நின்றபடி அதை மோவாயின் கீழ் இடுக்கி, ஐரோப்பிய ஸங்கீதமும் கற்க வேண்டுமென்கிறாள். காரணம் ஒரு பழைய இசைத்தட்டு.

1932-ஆம் வருஷம் ஜூலை மாதம் லண்டனில் பதிவானது அது. வாசித்தவர் யெஹூதி மெனுஹின். அவருக்கும் அப்போது வயது பதினாறுதான். வாத்திய கோஷ்டியை நடத்தியவர், அந்தக் கன்சர்ட்டோவை இயற்றிய எட்வர்ட் எல்கார், வயது எழுபத்தைந்து. தனி வாத்தியமும் பெரிய கோஷ்டியும் ஒன்றோடொன்று உரையாடிச் செல்லும் நீண்ட உருப்படிக்குக் கன்சர்ட்டோ என்று பெயர். இது ஏறக்குறைய ஐம்பது நிமிஷம். பக்கத்துக்கு நாலைந்து நிமிஷமே கொள்ளும் அக்காலத் தட்டுகளில் துண்டு துண்டாகப் பிடித்தார்கள். ஒத்திகையில் பையன் சற்று வாசித்ததுமே, திருத்துவதற்கு ஒன்றுமில்லையென்று சொல்லிக் கிழவர் குதிரைப் பந்தயத்துக்குப் போய்விட்டாராம்!

என் மைத்துனர் இதற்குச் சிரிக்கவில்லை. "மாப்பிள்ளை, காரைக்காலை விட்டுப் பிரெஞ்சுக்காரன் போனது 1954-ல். மறுபடி அவர்கள் பாட்டை வீட்டுக்குள் அழைப்பானேன்? கமகம் பேசும் விரல் கெட்டுவிடுமே!" என்றார். எல்கார் ஆங்கிலேயர் என்று சொன்னேன். கோபம் இரட்டித்தது.

அவர் பயம் அற்பமானதன்று. ஆயினும் பிடில் எங்கிருந்து வந்தது? எங்களுக்கு அண்டையிலுள்ள திருவாரூரில் 1786-ல் பிறந்தவர் பாலுஸ்வாமி தீக்ஷிதர். முத்துஸ்வாமி தீக்ஷிதரின் தம்பி. சென்னையை அடுத்த மணலியில் இருந்தபோது ஐரோப்பியர் ஒருவரிடம் இவ்வாத்தியத்தை முறையாகக் கற்றார். காலப்போக்கில் நம்மவர் அதன் தந்திகளை ஸட்ஜ பஞ்சமமாகச் சுருதி கூட்டினர். காலில் ஊன்றியதால் இடக்கைக்குப் பாரமில்லை; விரல்கள் தந்தியில் வழுக்கி ஓடின; கமகம் பிடிலில் குடியேறியது. ஆனால் அவர்கள் முறையைக் கற்றதுதான் முதற்படி.

மெனுஹினும் 1952-ல் இந்தியா வந்து நம் ஸங்கீதத்தில் ஈடுபட்டார். 1967-ல் ரவிசங்கருடன் சேர்ந்து இசைத்தட்டே வெளியிட்டார். அதனால் அவர் விரல் எல்காரை மறந்துவிடவில்லை.

ஆகவே எங்கள் வீட்டில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டிருக்கிறது. விடியற்காலை ஸாதகம் வழக்கம்போல் தரையில். மாலையில் நின்றுகொண்டு மற்றது. ஒரு வருஷம் கழித்து அவள் தோடி வாசிக்க வேண்டும். நீதிபதி என் மைத்துனரே. நேயர்களும் அதுவரை தீர்ப்பை ஒத்திவைக்கக் கோருகிறேன்.