எழுதியவர் மறைந்தபின் ஏடுகள் யாருடையவை?



1874ஆம் ஆண்டின் பிற்பகுதியில் எட்வர்டு லியர் என்னும் ஆங்கில ஓவியர் நமது குன்னூருக்கும் உதகைக்கும் வந்தார். அப்போது அவருக்கு வயது 62. மலை ரயில் இல்லாத காலம். மேட்டுப்பாளையம் வரைதான் இருப்புப்பாதை எட்டியிருந்தது. குன்னூருக்கு ரயில் ஏறியது 1899இல், உதகைக்கு 1908இல். வைஸ்ராய் நார்த்புரூக் பிரபுவின் அழைப்பின் பேரில் இந்தியாவுக்கு வந்த லியர், சென்ற இடமெல்லாம் மலைகளையும் மரங்களையும் வரைந்தார். நாள்தோறும் குறிப்பும் எழுதினார். சிறுவர்களுக்கான வேடிக்கைப் பாடல்களால் இன்றும் அறியப்படுபவர் அவர். சுவாத் பள்ளத்தாக்கின் பெரியார் அகுந்து அப்துல் கஃபூர் (ரஹ்) அவர்களை யாரென்றே அறியாமல், பட்டப்பெயரின் ஓசையை மட்டும் வைத்துக்கொண்டு கேலிப்பாட்டு எழுதியவரும் அவரே. அதைச் சொல்லாமல் கடந்துபோக நமக்கு மனம் வரவில்லை.

அந்த இந்திய நாட்குறிப்புகள் இன்று அமெரிக்காவில், ஹார்வர்டு கல்லூரி நூலகத்தைச் சேர்ந்த ஹூட்டன் நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. 1858 முதல் 1887 வரை ஆண்டுக்கு ஒன்றாக அவர் எழுதிய 30 ஏடுகளும் அங்கேயே உள்ளன. நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர், குன்னூரின் பழைய படங்களைத் தேடியபோது இதனை அறிந்து வந்து நமக்குச் சொன்னார். அன்றைய வானிலை, உண்ட உணவு, வந்த கடிதம், உடலின் நோவு ஆகியவைதான் அவ்வேடுகளில் மிகுதி. ஒரு பிரயாணியின் இத்தனை சிறிய செய்திகளையும் கடல் கடந்த ஒரு கல்லூரி கண்ணெனக் காத்து வருகிறது.

இதே நாட்களில்தான், வஃபாத்தான மூத்த ஹஜ்ரத் ஒருவரின் வீட்டார் ஒரு தகரப் பெட்டியோடு நம்மை நாடி வந்தனர். 40 ஆண்டுகளுக்கு மேல் இம்மலையில் மக்தபில் ஓதிக் கொடுத்தவர் அவர். பெட்டிக்குள் 26 நோட்டுகள் இருந்தன. அட்டையெல்லாம் பூசணம் பிடித்திருந்தது; மூன்று நோட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் குன்னூரில் துணியே காய்வதில்லை, காகிதம் எம்மாத்திரம்! “எல்லாம் ஓதல் எழுத்து. காலில் மிதிபடக் கூடாது. கபர்ஸ்தானில் ஒரு மூலையில் அடக்கி விடலாமா?” என்பதே அவர்களுடைய கேள்வி.

கேள்வியில் பிழையில்லை. சிதைந்து ஓத இயலாமற்போன முஸ்ஹபைத் தூய துணியில் சுற்றி, கால்படாத இடத்தில் அடக்குவதை ஹனஃபி ஃபுகஹாக்கள் சிறப்பாகக் கருதினர். இழிவுபடாமல் காக்கும் நோக்கத்தோடு எழுத்தைக் கழுவிவிடவோ எரிக்கவோ ஷாஃபிஈ ஃபுகஹாக்கள் இடமளித்தனர். உஸ்மான் (ரலி) அவர்களின் காலத்தில் ஒரே படி நிலைநிறுத்தப்பட்டபோது ஏனைய பிரதிகள் எரிக்கப்பட்ட செய்தியும் அறிந்ததே.

ஆயினும் அந்த நோட்டுகளைத் திறந்து பார்த்தபோது, அவற்றில் ஆயத்துகள் அரிதாகவே தென்பட்டன. இருந்தது அரபுத்தமிழ். அரபியில் இல்லாத ப, ட, ங போன்ற ஒலிகளுக்கு அரபு எழுத்துகளிலேயே புள்ளி கூட்டி, நம் முன்னோர் தமிழை எழுதிய முறை அது. இன்று நம் பிள்ளைகளுக்கு அது தெரியாது. தெரியாததனால், அரபு எழுத்தில் கண்டதையெல்லாம் ஓதல் என்று முத்தமிட்டு மூடி வைக்கிறோம். பின்பு அடக்கி விடுகிறோம். அரிசி விலையும், பிள்ளைகளின் வருகைக் கணக்கும், மண் சரிந்து பாதை அடைபட்ட நாளும், எஸ்டேட் லைனில் நடந்த ஜனாஸாவும் இப்படித்தான் எத்தனையோ ஊர்களில் கண்ணியமாக மண்ணுக்குள் போயிருக்கும். அலட்சியத்தால் அழிந்ததை விட மரியாதையால் அழிந்ததே நம்மிடையே அதிகமோ என்று சில வேளை தோன்றுகிறது.

11ஆவது நோட்டில் ஒரு வரி எங்களை நிறுத்தியது. கடைவீதியில் மளிகை வைத்திருந்த ஒருவரிடம் ஹஜ்ரத் 1,800 ரூபாய் கைமாற்று வாங்கியிருக்கிறார். 600 திருப்பிக் கொடுத்திருக்கிறார். மீதி 1,200 அடைந்ததாக எங்கும் குறிப்பில்லை. 26 நோட்டுகளையும் இரண்டு முறை புரட்டினோம். கடனை எழுதி வைக்கச் சொல்லும் வசனமே குர்ஆனின் மிக நீண்ட வசனம் என்பதை நம் மாணவர்கள் அறிவர். சொத்தைப் பிரிக்கும் முன் மைய்யித்தின் கடனை அடைப்பது வாரிசுகளின் கடமை. கொடுத்தவரும் இன்று இல்லை. அவர் மகன் கூடலூரில் இருந்தார். முதலில் வாங்க மறுத்தார், பிறகு வாங்கிக்கொண்டார். பெட்டியோடு அந்த நோட்டும் மண்ணுக்குள் போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்று ஹஜ்ரத்தின் மூத்த மகன் அன்று முழுதும் சொல்லிக்கொண்டே இருந்தார். அதன்பின் ஒரு தாளையும் அடக்கக் கூடாது என்பது அவர் கட்சி.

மகளோ அதற்கு உடன்படவில்லை. “உஸ்தாத், அத்தா எழுதிக்கிட்டிருக்கும்போது நாங்க கிட்டப் போனாலே நோட்டை மூடிடுவாங்க. இப்ப எல்லாரும் படிக்கிறது சரியா?” என்று கேட்டார்.

இதற்கு உடனே விடை சொல்ல நம்மால் இயலவில்லை. லியருக்குச் சிறு வயது முதலே வலிப்பு நோய் இருந்தது. அதை நெருங்கிய நண்பர்களிடமும் மறைத்தார். நாட்குறிப்பில் மட்டும் வலிப்பு வந்த நாளுக்குப் பெருக்கல் குறி போல ஓர் அடையாளம் இட்டார். ஆயுள் முழுதும் அவர் மறைத்ததை இன்று ஆய்வாளர்கள் எண்ணிப் பார்க்கிறார்கள். நூலகம் காகிதத்தைக் காக்கிறது. எழுதியவரின் திரையையும் காக்கிறதா என்பது வேறு கேள்வி. நம் முன்னோரில் பிஷ்ருல் ஹாஃபீ (ரஹ்) தம் ஏடுகளைப் புதைக்கச் செய்ததாக வரலாறு கூறுகிறது. அபூ ஹய்யான் அத்தவ்ஹீதீ முதுமையில் தம் நூல்களை எரித்தார். மறுபுறம், பக்தாதின் ஹன்பலி அறிஞர் இப்னுல் பன்னா (ரஹ்) தமக்காகத் தம் கையாலேயே எழுதிய நாட்குறிப்பில் 1068–69ஆம் ஆண்டுப் பகுதி டமாஸ்கஸின் ழாஹிரிய்யா நூலகத்தில் பிழைத்திருந்தது. ஜார்ஜ் மக்திஸி அதனை 1956–57இல் பதிப்பித்தார். ஊர்ச் செய்தி, கண்ட கனவு, இறந்தவர் பெயர் என்று அதிலும் அன்றாடமே. அவ்வளவு பழமையான ஒரு முதர்ரிஸின் நாள் எப்படிக் கழிந்தது என்று இன்று நாம் அறிய முடிவது அந்த ஓர் ஏடு தப்பியதனால்தான்.

ஹஜ்ரத்தின் நோட்டுகளிலும் மறைக்க வேண்டியவை இருந்தன. தலாக்கின் விளிம்பில் வந்து நின்ற தம்பதியர், அண்ணன் தம்பி வழக்கு, தன் குற்றத்தைச் சொல்லி அழுத இளைஞர் என்று பெயரோடு எழுதியிருந்தார். அவர்களில் பலர் இன்றும் நம் மஹல்லாவில் வாழ்கின்றனர். சபையில் சொல்லப்பட்டது அமானிதம். ஹஜ்ரத்தின் பிள்ளைகளுக்குக் கூட அதில் உரிமையில்லை என்பதே நம் முடிவு. அத்தாள்களை நாம் ஒருவரே பிரித்தெடுத்தோம். மொத்தம் 31 தாள்கள். வெள்ளைத் துணியில் சுற்றி, அஸருக்குப் பின் கபர்ஸ்தானின் மதிலோரம் அடக்கினோம். மகன் உடன் வந்தார், ஒன்றும் கேட்கவில்லை. தம்மைப் பற்றி ஹஜ்ரத் எழுதியவற்றுள் எதைக் காட்டலாம் என்பதை மகளிடமே விட்டுவிட்டோம். அவர் இரண்டு பக்கங்களை எடுத்துக்கொண்டார்.

எஞ்சிய நோட்டுகளை நிழலில் உலர்த்தி, பக்கம் பக்கமாகக் கைப்பேசியில் படமெடுத்தாயிற்று. ஈரம் குறைந்த இடம் என்று மேட்டுப்பாளையத்தில் மகள் வீட்டு இரும்பு அலமாரியில் வைத்திருக்கிறோம். திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரி, சென்னை புதுக்கல்லூரி போன்ற நம் சமுதாயக் கல்லூரிகளின் நூலகங்களைக் கேட்கலாம் என்ற எண்ணமும் குடும்பத்தாருக்கு உண்டு. எந்த நிபந்தனையோடு கொடுப்பது என்ற பேச்சு இன்னும் முடியவில்லை. இதற்கிடையே, ஹஜ்ரத்தின் பேத்தி ஞாயிறுதோறும் நம் வீட்டுக்கு வந்து, படங்களை வைத்து அரபுத்தமிழ் எழுத்துக்கூட்டப் பழகுகிறாள். நான்காம் நோட்டில் இருக்கிறோம். 12 நாட்களாக விடாத மழை, பிள்ளைகள் ஆறு பேர்தான் வந்தார்கள் என்று வாசித்துவிட்டு, அந்த ஆறு பேர் யார் என்று கேட்டாள். பெயர்கள் அடுத்த பக்கத்தில் இருந்தன.