பழியைப் பட்டறையின் மேல் போட்டேன்

நான் வடிவமைத்த கீபோர்டு வாங்கியவர்களில் பலருக்கு வேலை செய்யவில்லை. தவறு என் சர்க்யூட் போர்டில் இருந்தது. அது தெரிந்த பிறகும் வாய் திறக்காமல் இருந்தேன். கீபோர்டின் வெளிக்கூடான கேஸை வெட்டிக் கொடுத்த பட்டறைக்காரர்தான் அளவைக் கெடுத்துவிட்டார் என்று எல்லோரும் நம்பினார்கள். நம்பும்படி முதலில் சொன்னவனும் நான்தான்.

இந்தப் பொழுதுபோக்கு பழக்கமில்லாதவர்களுக்கும் என் குற்றத்தின் அளவு புரிய வேண்டும். அதனால் சிலவற்றை விளக்குகிறேன்.

மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வொரு விசைக்கும் அடியில் ஸ்பிரிங் வைத்த தனி ஸ்விட்ச் இருக்கும். ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980களில் கொண்டுவந்த எம்எக்ஸ் ஸ்விட்ச்தான் இன்றும் அளவுகோல். ஸ்விட்சைப் பிடித்திருக்கும் ப்ளேட்டில் 14 மில்லிமீட்டர் சதுரத் துளை. ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 19.05 மில்லிமீட்டர். இந்த அளவுகள் எல்லோருக்கும் தெரிந்தவை. சர்க்யூட் போர்டு வரைய கீகேட், கீபோர்டுக்குள் ஓட கியூஎம்கே. இரண்டும் இலவச மென்பொருள்கள். அதனால்தான் கோயம்புத்தூரில் ஒரு வாடகை வீட்டு மேசையில் உட்கார்ந்து என்னாலும் ஒரு கீபோர்டை வடிவமைக்க முடிந்தது.

செலவுதான் தடை. ஒரே ஒரு அலுமினியக் கேஸை சிஎன்சி இயந்திரத்தில் வெட்டினால் கூலி கட்டுபடியாகாது. புரோகிராம் எழுதி, ஜாபைப் பிடித்து, டூல் செட் பண்ணும் வேலை ஒன்றுக்கும் ஐம்பதுக்கும் ஒன்றுதான். ஆகவே ஆர்வலர்கள் பலர் சேர்ந்து முன்பணம் கட்டி மொத்தமாகச் செய்துகொள்வார்கள். இதை குரூப் பை என்பார்கள். பொருள் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். கடை கிடையாது, வாரண்டி கிடையாது. வடிவமைத்தவனின் வார்த்தையை நம்பித்தான் பணம் வருகிறது. அந்த வார்த்தையைச் சோதிக்க இருக்கும் ஒரே வழி சாம்பிள். மொத்த ஆர்டருக்கு முன்பு ஒன்றிரண்டு செய்து, அதில் என்ன தப்பு என்று தேடுவது.

என் முதல் சாம்பிள் நன்றாக வந்தது. 61 விசைகள், கறுப்பு அனோடைசிங், தட்டினால் கனத்த, தாழ்ந்த ஓசை. பெங்களூரில் ஆர்வலர்கள் கூடிய ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுபோனேன். கைமாறிக்கொண்டே இருந்தது. பாராட்டினார்கள். அந்தப் பாராட்டு எனக்குத் தலைக்கேறியது.

அந்தச் சாம்பிளில் யுஎஸ்பி இணைப்பு ஒரு தனிச் சிறு போர்டில் இருந்தது. அது வேறொருவர் வடிவமைத்து எல்லோருக்கும் இலவசமாகத் தந்தது. மொத்த ஆர்டருக்குப் போகும்போது செலவைக் குறைக்க அதை எடுத்துவிட்டேன். டைப்-சி இணைப்பை மெயின் போர்டிலேயே வைத்து நானே மறுபடி வரைந்தேன். போர்டு மாறினால் புதுச் சாம்பிள் எடுக்க வேண்டும். இந்த வேலையில் இறங்கிய எவருக்கும் தெரிந்த விதி அது.

என் குரூப் பையில் பணம் கட்டியவர்களின் குழுவில் சென்னையைச் சேர்ந்த ஒரு எலக்ட்ரானிக்ஸ் பொறியாளர் இருந்தார். அவர் கேட்டார்: "யுஎஸ்பியை மெயின் போர்டுக்கு மாத்திட்டீங்களே, இன்னொரு சாம்பிள் போட்டுப் பாத்துடலாமே?"

எல்லோரும் படிக்கும்படி நான் எழுதிய பதில்: "இதெல்லாம் எனக்குப் பழகின சர்க்யூட்தாங்க. சாம்பிள் தேவைப்படாது."

பழகின சர்க்யூட் இல்லை. டைப்-சி இணைப்பை அதற்கு முன் நான் வரைந்ததே இல்லை. தேதி அறிவித்துவிட்டேன், தள்ளிப்போட்டால் கௌரவம் போகும் என்று நினைத்தேன். இன்னொரு காரணமும் உண்டு. சாம்பிள் வந்து, அதில் தப்பு தெரிந்துவிடுமோ என்று பயந்தேன். தப்பைக் கண்டுபிடிக்கத்தான் சாம்பிள். நான் அதற்கே பயந்தேன்.

போர்டுகள் வந்தன. என் மேசையில் கிடந்த பழைய கேபிளில் சொருகிப் பார்த்தேன். ஒரு முனை டைப்-ஏ, மறுமுனை டைப்-சி. வேலை செய்தது. அந்த ஒரே கேபிளில் சோதித்து எல்லாவற்றையும் அனுப்பினேன்.

புகார் வரத் தொடங்கியது. இரண்டு முனையும் டைப்-சியாக இருக்கும் கேபிளில் சொருகினால் கீபோர்டுக்குக் கரண்டே வரவில்லை. புது மடிக்கணினிகள் பலவற்றில் டைப்-சி துளை மட்டும்தான் இருக்கிறது. நான் யோசிக்காமல் பதில் போட்டேன்: "கேஸில் கேபிள் நுழையும் வாய் இறுக்கமாக இருக்கிறது. பிளக் முழுசாக உள்ளே போகவில்லை. பட்டறையில் சிறிதாக வெட்டிவிட்டார்கள் போல." எந்தக் கேஸையும் அளக்காமல் சொன்னேன். வேண்டுமானால் அரத்தால் லேசாக ராவிக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன்.

அன்று இரவு சர்க்யூட் வரைபடத்தைத் திறந்தேன். டைப்-சி இணைப்பில் ஏ5, பி5 என்று இரண்டு பின்கள் உண்டு. ஒவ்வொன்றையும் ஒரு 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக கிரவுண்டுக்கு இணைக்க வேண்டும். கணினி அந்த ரெசிஸ்டரைப் பார்த்துத்தான் மறுமுனையில் மின்சாரம் கேட்கும் ஒரு பொருள் இருக்கிறது என்று அறிந்து 5 வோல்ட்டைத் திறந்துவிடும். பழைய டைப்-ஏ துளையில் 5 வோல்ட் எப்போதும் இருக்கும். அதனால்தான் என் பழைய கேபிளில் தப்பு தெரியவில்லை.

என் வரைபடத்தில் அந்த இரண்டு பின்களிலும் ஒரு சிறிய பெருக்கல் குறி இருந்தது. இந்த பின் வேண்டுமென்றேதான் இணைக்கப்படவில்லை என்று மென்பொருளுக்குச் சொல்லும் குறி அது. இணைக்காத பின்கள் இருக்கின்றன என்று மென்பொருள் எச்சரித்திருக்கிறது. எச்சரிக்கையை அடக்க நானே அந்தக் குறிகளைப் போட்டிருக்கிறேன். அந்த பின்கள் எதற்கு என்று படித்துக்கூடப் பார்க்கவில்லை.

அப்போதே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. நாளைக்கு எழுதலாம் என்று படுத்தேன். மறுநாளும் எழுதவில்லை.

ஒரு கல்லூரி மாணவர் படம் அனுப்பினார். கேபிள் வாயைச் சுற்றிக் கறுப்பு போய், அலுமினியம் வெள்ளையாகத் தெரிந்தது. அரம் தடம் மாறி, பின்பக்கச் சுவரில் நீளமாக ஒரு கீறல். கீழே எழுதியிருந்தார்: "இப்பவும் வரல அண்ணா. இன்னும் கொஞ்சம் ராவட்டுமா?"

நான் எழுதினேன்: "பாத்து ராவுங்க தம்பி."

ரெசிஸ்டர் இல்லை என்று எனக்குத் தெரியும். எவ்வளவு ராவினாலும் பயனில்லை என்றும் தெரியும். தெரிந்தே எழுதினேன். பின்களில் குறி போட்டது கவனக்குறைவு. இந்தப் பதில் அப்படியல்ல. இது துரோகம்.

பட்டறைக்காரருக்கும் செய்தி போய்விட்டது. மீதமிருந்த கேஸ் ஒன்றை எடுத்து என் முன்னாலேயே வெர்னியர் வைத்து அளந்தார். "டிராயிங்ல இருக்கற அளவுதானுங்க தம்பி வந்திருக்குது. இருந்தாலும் பத்தலைன்னா சொல்லுங்க, மிச்சத்தை மறுபடி மெஷின்ல போட்டு வாயைப் பெருசு பண்ணித் தர்றேன். கூலி வேண்டாம்" என்றார். நான் தலையாட்டினேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டும் உண்மையைச் சொல்லவில்லை.

இதே இரண்டு பின்களில் உலகறிந்த ஒரு நிறுவனமும் தவறியிருக்கிறது. 2019 ஜூனில் வந்த ராஸ்பெர்ரி பை 4 கணினியில், தனித்தனியாக இருக்க வேண்டிய இரண்டு ரெசிஸ்டர்களுக்குப் பதில் ஒன்றையே பொதுவாக வைத்துவிட்டார்கள். சில வகை டைப்-சி கேபிள்களில் அது வேலை செய்யவில்லை. அடுத்த மாதமே தவறு எங்களுடையது என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். பிறகு வந்த போர்டுகளில் திருத்தினார்கள். இலட்சக்கணக்கானோர் முன்னால் அவர்களால் சொல்ல முடிந்தது. என்னை நம்பிய ஒரு சிறு குழுவின் முன்னால் என்னால் முடியவில்லை.

கடைசியில் சொன்னதும் மனசாட்சியால் அல்ல. சென்னைப் பொறியாளர் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு எனக்கு மட்டும் எழுதினார்: "ஏ5, பி5 எங்கேயும் போகலையே. உங்களுக்குத் தெரியுமா?" அவரே எல்லோரிடமும் சொல்லியிருக்கலாம். நான் சொல்லட்டும் என்று விட்டார். பிடிபட்ட பிறகுதான் வாய் திறந்தேன். அப்போதும் "சிறிய வடிவமைப்புக் குறை" என்றுதான் எழுதினேன். பட்டறையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பொறியாளர் மறுபடி கேட்ட பிறகே, வெட்டிய அளவு சரி, பட்டறை மேல் தப்பில்லை, எனக்கு இது முன்பே தெரியும் என்று எழுதினேன்.

என் செலவில் புதுப் போர்டு செய்து அனுப்பினேன். ஆனால் போர்டை மாற்றுவது அவர்கள் தலையில் விழுந்தது. ஒரு ஸ்விட்சுக்கு இரண்டு பின். 61 ஸ்விட்சுக்கு 122 சால்டர் முனைகள். ஒவ்வொன்றிலும் ஈயத்தை உருக்கி உறிஞ்ச வேண்டும். சிலர் ஸ்விட்சுகளைக் கெடுத்துக்கொண்டார்கள். ராவிய கேஸ்களுக்குப் புதுக் கேஸ் செய்து தர என்னிடம் பணம் இல்லை. பாதி விலையைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த மாணவர் பகுதிநேர வேலையில் சேர்த்த காசில் வாங்கியவர். கீறலோடு அதை வந்த விலைக்கு விற்றுவிட்டார். நான் மன்னிப்புக் கேட்டு எழுதியதற்கு அவர் பதில் போடவில்லை. போட வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை.

பட்டறைக்காரரிடம் நேரில் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்க" என்றார். அப்புறம் இன்னொன்றும் சொன்னார். எங்கள் குழுவில் வேறொருவர் தன் கீபோர்டு கேஸ்களை அவரிடம் கொடுப்பதாகப் பேசி வைத்திருந்தாராம். அளவு தப்புகிற பட்டறை என்று கேள்விப்பட்டு வேறு இடத்துக்குக் கொடுத்துவிட்டார். அவரைத் தேடிப் பேசினேன். நடந்ததைச் சொன்னேன். வேலை ஏற்கெனவே முடிந்து, பணமும் பட்டுவாடா ஆகிவிட்டது. அந்த இழப்பை என்னால் ஈடு செய்ய முடியவில்லை. இன்றுவரை செய்யவுமில்லை.