மூன்று வருடக் கர்பட்டி

மூன்று வருடம் வீட்டு வரி கட்டாமல் இருந்தேன். கையில் பணம் இல்லாமல் இல்லை. எங்கள் குடியிருப்புக்கு அப்போது நான்தான் செயலாளர். மற்றவர்களையும் கட்டவிடாமல் தடுத்தேன். இதை இதுவரை வீட்டில்கூட முழுதாகச் சொன்னதில்லை.

நான் குடியிருப்பது புனே பக்கத்தில் ஹிஞ்சேவாடியில். பெரிய ஐ.டி. பார்க் இருக்கிறது, ஆனால் மாநகராட்சி கிடையாது. வாகட் வரைக்கும் பிம்ப்ரி சிஞ்ச்வட் மாநகராட்சி. அதைத் தாண்டினால் முள்ஷி தாலுகா, கிராமப் பஞ்சாயத்துகள். இங்கே வீட்டு வரிக்குக் கர்பட்டி என்று பெயர், தண்ணீர் வரிக்குப் பாணிபட்டி. 2015 முடிவில் மகாராஷ்டிரத்தில் விதியைத் திருத்தி, பஞ்சாயத்து வரியையும் சொத்தின் மூலதன மதிப்பை வைத்துக் கணக்கிட ஆரம்பித்தார்கள். வழிகாட்டி மதிப்பு ஏறினால் வரியும் ஏறும். ஃபிளாட் விலை ஏறிவிட்டது என்று ஊருக்கு போன் போட்டுச் சொல்லிச் சந்தோஷப்பட்ட நான், அதே காரணத்தால் கூடிய கர்பட்டியைப் பார்த்துக் கொதித்தேன். ‘வாசலில் ஒழுங்கான சாலை இல்லை, குடிக்க டேங்கர் தண்ணீர், இவர்களுக்கு எதற்கு வரி? யாரும் கட்ட வேண்டாம்’ என்று ஒரு தாளில் எழுதி லிஃப்ட் பக்கத்தில் ஒட்டினேன். பலரும் என் பேச்சைக் கேட்டார்கள்.

எங்கள் ஊரை மாநகராட்சியோடு சேர்த்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்றும் கூட்டத்துக்குக் கூட்டம் பேசினேன். 2017ல் புனே மாநகராட்சியில் சேர்க்கப்பட்ட ஃபுர்சுங்கி, உருளி தேவாச்சி மக்கள் வரிச்சுமை தாங்காமல் போராடி வெளியே வந்தது எனக்குத் தெரியும். தெரிந்தும் அதைச் சொல்லவில்லை.

ஒவ்வொரு மார்ச்சிலும் பஞ்சாயத்து ஷிபாய், அதாவது பியூன், வருவார். கக்கத்தில் ரசீதுப் புத்தகம். கார்பன் தாளின் நீலம் கட்டைவிரலில் ஒட்டியிருக்கும். “கர்பட்டி பாக்கி ஆஹே, ஸாஹேப்” என்பார், கடன் கேட்க வந்தவர் மாதிரி தயங்கி. முதல் வருடம் அடுத்த மாதம் பார்க்கலாம் என்றேன். அடுத்த வருடம் ஊரில் இல்லை என்று காவலாளியை விட்டுச் சொல்லச் சொன்னேன். மூன்றாவது வருடம் வாசலில் நிற்க வைத்து, சாலையைப் பற்றி அவரிடம் கத்தினேன். சாலைக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்? அவர் தலையாட்டிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவை மாவ்ஷி, அதாவது சித்தி என்று கூப்பிடுவோம். அவருக்கு இதே ஊர்தான். தகரக் கூரை வீடு. ஒருநாள் அவருக்கு ஏதோ விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்க உட்கார்ந்தேன். பிளாஸ்டிக் உறையிலிருந்து ரேஷன் அட்டையோடு கர்பட்டி ரசீதுகளையும் எடுத்தார். நான்காக மடித்து, வருட வாரியாக அடுக்கியிருந்தார். ஒரு வருடம்கூட விடவில்லை. “பாக்கி இருந்தால் சான்றிதழ் தரமாட்டார்கள், அண்ணா. கிராம சபையில் எழுந்து தெருவிளக்குக் கேட்கவும் வாய் வராது” என்றார். அந்த வருடம் அவர் கேட்டு வாங்கிய விளக்கு அவர் சந்தில் எரிகிறது.

அதற்குப் பிறகுதான் பஞ்சாயத்துப் பணம் எப்படி ஓடுகிறது என்று விசாரித்தேன். 15ஆவது நிதிக்குழுப் பணத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டிப்போட்டிருந்தார்கள். மீதியையும் சம்பளத்துக்குத் தொடக்கூடாது என்று இருந்தது. சம்பளத்துக்குச் சொந்த வருவாய் வேண்டும், அதாவது நாங்கள் கட்டும் வரி. மாநில அரசு ஊழியர் சம்பளத்துக்குத் தரும் பங்கையும் வரி வசூல் சதவீதத்தோடு முடிச்சுப் போட்டிருந்தார்கள். அந்த நிபந்தனையை எடுக்கச் சொல்லிப் பஞ்சாயத்து ஊழியர்கள் போராடியிருக்கிறார்கள். இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் அரசாங்கத்தை எதிர்ப்பதாக நினைத்துக் கைவைத்தது, அந்த நீல விரல்காரரின் சம்பளத்தில்.

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊரில் அப்பா கிராம சபைக்கு வேட்டி மாற்றிக்கொண்டு போவார். வரவு செலவை முழுதாக வாசிக்கச் சொல்லி எழுந்து நிற்பார். அதை ஆபீஸில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று இங்கேயும் கிராம சபை கூடுகிறது. இங்கே இருக்கும் பதினோரு வருடத்தில் ஒருமுறைகூட நான் எட்டிப் பார்த்ததில்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால்தான் அங்கே உறுப்பினர். என் ஓட்டு இன்னும் அப்பா வீட்டு முகவரியில் கிடக்கிறது.

பாக்கி முழுவதையும் போன மாதம் கட்டினேன். ஷிபாய்தான் ரசீது எழுதினார். அவரிடம் மன்னிப்புக் கேட்கவே அலுவலகம்வரை போனேன். கேட்க வாய் வரவில்லை. ரசீதை வாங்கிக்கொண்டு “தன்யவாத்” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

என் பேச்சைக் கேட்டு நிறுத்திய வீடுகள் பல இன்னும் கட்டவில்லை. லிஃப்ட் பக்கத்தில் ஒட்ட இன்னொரு தாள் எழுதி வைத்திருக்கிறேன். கீழே என் பெயரும் ஃபிளாட் எண்ணும் இருக்கிறது. முதல் தாளில் ‘செயலாளர்’ என்று மட்டும் போட்டிருந்தேன்.